துண்டில் எழுதாதது

1921ஆம் ஆண்டு வரை இலங்கையின் இந்தத் தோட்ட மலைகளில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் எழுத்தில் ஒரு விலை இருந்தது. அந்தக் கடதாசிக்குத் துண்டு என்று பேர். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரை கையெழுத்துப் போட்ட துண்டு வேண்டும். இந்த ஆட்கள் மேல் இவ்வளவு கடன் நிற்கிறது, அதைக் கட்டுகிற தோட்டம் இவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சாரம். கடன் ஊரிலேயே தொடங்கிவிடும். கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, வழியில் தின்ற சோறு, குளிருக்கு வாங்கிய கம்பளி என்று ஒவ்வொன்றும் ஆளின் பேரில் ஏறும். மலைக்கு வந்து சேர்ந்த பிறகு அரிசியும் சேரும். சம்பளம் பிந்தினால் கங்காணியிடமே மறுபடி கை நீட்ட வேண்டும். அப்பன் வாங்கிய கடனை மகன் சுமந்ததும் உண்டு. சட்டம் போட்டுத் துண்டை ஒழிக்கும்வரை, மஸ்கெலியாவில் ஒரு மனிதனின் உடம்பு என்ன பெறும் என்று கேட்டால் ரூபாய்க் கணக்கில் பதில் சொல்ல முடிந்தது.

இதே மலைகளில், இதே மனிதர்களிடம், உலகம் முழுவதையும் கொண்டுவந்து வைத்தாலும் உன் ஆத்துமாவுக்கு விலையாகாது என்று ஒருவர் வந்து சொன்னார். சொன்னவர் திருநெல்வேலிக்காரர். வேட்டி, மேலே ஒரு கோட்டு, கக்கத்தில் வேதப்புத்தகம். உபதேசியார் என்று கூப்பிட்டார்கள். அவர் சொன்னது எங்கள் ஆட்களுக்குள் என்ன செய்தது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். என் தாத்தா அப்படியொரு உபதேசியாரிடம் எழுத்துப் படித்து, பிறகு தானும் உபதேசியார் ஆனவர். அப்பாயி கடைசிவரை கொழுந்தெடுத்தவர். நான் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவள்.

தோட்டங்களில் ஊழியம் முறையாகத் தொடங்கிய வருடம் 1854. இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த சி.எம்.எஸ். மிஷனரி சங்கம் அதற்குத் தமிழ்க் கூலி மிஷன் என்று பேர் வைத்தது. அந்தப் பேரை எழுதும்போது இன்றைக்கும் எனக்குக் கை கூசுகிறது. ஆத்துமாவைத் தேடி வந்தவர்களுக்குக்கூட எங்களைக் கூப்பிட வேறு சொல் கிடைக்கவில்லை. கண்டியைச் சுற்றிய கோப்பித் தோட்டங்களில்தான் முதல் வேலை நடந்தது. திருநெல்வேலியில் ஊழியம் செய்து தமிழ் நன்றாகத் தெரிந்திருந்த செப்டிமஸ் ஹாப்ஸ் தொடக்க வருடங்களில் பொறுப்பில் இருந்தார். வெள்ளைக்காரப் போதகர் ஒருவருக்கு எத்தனையோ தோட்டங்கள். தோட்டம் தோட்டமாக நடந்தவர்கள் திருநெல்வேலி உபதேசியார்மார்தான். நடந்து என்றால் நடந்துதான். கோச்சிப் பாதை என்கிற ரயில் பாதை நாவலப்பிட்டிக்கு வந்தது 1874இல், ஹட்டனுக்கு வந்தது 1884இல். அதற்கு முந்தியெல்லாம் அட்டைக் கடியும் மழையும் ஒற்றையடிப் பாதையும்தான். டிக்கோயாக் காடும் மஸ்கெலியாக் காடும் கோப்பிக்காக வெட்டப்பட்டபோது அவர்களும் இங்கே ஏறி வந்தார்கள்.

இரண்டு இடங்களில் பேசினார்கள். விடியற்காலையில் தப்புச் சத்தத்தில் எழுந்து ஆட்கள் பெரட்டுக் களத்தில் நிற்கும்போது, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற அந்த நேரத்தில், துரையின் சம்மதத்தோடு சில நிமிடம் கிடைக்கும். சாயங்காலம் லயத்து இஸ்தோப்பில், அடுப்புப் புகைக்கு நடுவில், மிச்சத்தைப் பேசுவார்கள். காலையில் கேட்டவர்கள் கட்டளைக்கு நிற்பதுபோல் நின்று கேட்டார்கள் என்றும், சாயங்காலம் கேட்டவர்கள்தான் கேள்வி கேட்டார்கள் என்றும் தாத்தா சொல்லுவார். தாத்தா வேலைக்கு வந்த காலத்திலும் இந்த வித்தியாசம் மாறவில்லை.

இந்த மிஷனுக்குச் செலவு செய்தது யார் என்பதையும் சொல்ல வேண்டும். போதகரின் சம்பளத்தைச் சங்கம் கொடுத்தது. உபதேசியார்மாருக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வேண்டிய பணத்தில் பெரும்பங்கு தோட்டத்துரைமார் கொடுத்தது. அவர்களில் உண்மையான பக்திமான்கள் இருந்தார்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் கேட்பவனின் கடனை எழுதி வைத்திருக்கிறவனே பிரசங்கிக்குப் படியளந்தால், எந்த வசனம் வாசிக்கப்படும், எது வாசிக்கப்படாது என்பது யாரும் சொல்லாமலே தீர்மானமாகிவிடும். உலக ஆதாயத்தை நாடாதே, ஆத்துமாவை நாடு என்ற போதனை பெரட்டுக் களத்தில் தாராளமாக ஒலித்தது. வயல் அறுத்தவனின் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்ட ஐசுவரியவானைப் பற்றி யாக்கோபு தன் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் எழுதியிருப்பது எத்தனை பெரட்டுக் களங்களில் ஒலித்திருக்கும்? கையில் ஒரு பணமும் இல்லாதவனிடம் போய்ப் பண ஆசையை விடு என்பது லேசு. உலகம் முழுவதையும் ஆதாயப்படுத்தித் தன் ஆத்துமாவை நஷ்டப்படுத்தினால் ஒருவனுக்கு லாபம் என்ன என்று மாற்கு 8ஆம் அதிகாரத்தில் இயேசு லாப நஷ்டக் கணக்கின் பாஷையிலேயே கேட்கிறார். அந்தக் கணக்குப் புத்தகங்கள் துரையின் பங்களாவில் இருந்தன. கேள்வியோ லயத்துக்கு அனுப்பப்பட்டது. என் மனதில் வெகுகாலமாக இருக்கும் ஆதங்கம் இதுதான்.

பங்களாவில் கணக்கு எப்படிப் போனது என்பதற்குப் பொகவந்தலாவை பரிசுத்த மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. சார்ள்ஸ் ஹே கெமரன் அங்கே அடக்கமாகியிருக்கிறார். 1830களின் தொடக்கத்தில் கோல்புறூக்கோடு சேர்ந்து இலங்கையின் ஆட்சிமுறையை ஆராய்ந்து, இராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பை ஒழிக்க வழிசெய்த ஆணைக்குழுவில் இருந்தவர் அவர். அந்தத் தீவிலேயே பிறகு கோப்பி நிலம் வாங்கினார். கண்டிச் சிங்களக் குடியானவர்கள் தோட்டக் கூலிக்கு வர விரும்பாததால் தென்னிந்தியாவிலிருந்து எங்கள் ஆட்களைக் கொண்டுவந்து நட்ட கோப்பி அது. அவருடைய மனைவிதான் ஜூலியா மார்கரட் கெமரன். ஆங்கிலக் கவிஞர் டெனிசனைப் படம் பிடித்த அந்தப் பெரிய புகைப்படக் கலைஞர் களுத்துறையில் இருந்தபோது இங்குள்ள உழைப்பாளிகளின் முகங்களையும் படம் எடுத்தார். 1879 ஜனவரியில் அவர் இறந்தார். அடுத்த வருடம் கணவரும் போனார். 1869இல் மடுல்சீமைப் பக்கம் ஓர் இலையில் மஞ்சள் புள்ளியாகக் கண்ட நோய் அதற்குள் தீவு முழுவதும் கோப்பியைத் தின்றுகொண்டிருந்தது. கெமரன் குடும்பத்தின் வருமானமும் அதோடு கரைந்தது. 1884இல் ஓரியண்டல் பாங்கும் விழுந்தது. பெரிய பெரிய தோட்டங்கள் கைமாறின. கோப்பி செத்தபோது கூலி பாக்கியும் சேர்ந்து செத்துவிடக் கூடாது என்பதற்காக, தோட்டத்தின் மேல் முதல் உரிமை தொழிலாளியின் சம்பளத்துக்கே என்று அரசாங்கம் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தவன் அன்று இரவே செத்துப்போன உவமையை லூக்கா எழுதியிருக்கிறார். அந்த உவமையை இந்த மலை ஒரு தலைமுறைக்குள் முழுசாகப் பார்த்தது. நஷ்டப்பட்ட துரைமார் கப்பலேறினார்கள். எங்கள் ஆட்கள் கோப்பி மரத்தைப் பிடுங்கிவிட்டு அதே குழிகளுக்குப் பக்கத்தில் தேயிலையை நட்டார்கள்.

கோப்பி சாகத் தொடங்கிய அந்த வருடங்களில் திருச்சபைக்குள் நடந்த ஒரு சண்டையையும் சொல்ல வேண்டும். 1875 கடைசியில் கொழும்பு அத்தியட்சராக அபிஷேகம் பெற்ற ரெஜினோல்ட் கொபிள்ஸ்டனுக்கு வயது முப்பதுதான். தோட்டப் பகுதிகளில் வெள்ளைக்காரர்களுக்காக இருந்த குருமாரே அந்தந்த வட்டாரத்தில் தமிழ் உபதேசியார்மாரையும் மேற்பார்க்க வேண்டும் என்றார் அவர். சி.எம்.எஸ். மிஷனரிமார் முடியாது என்றார்கள். 1876இல் அவர்களில் ஏறக்குறைய எல்லாருடைய அனுமதிப் பத்திரங்களையும் அத்தியட்சர் பறித்துவிட்டார். விவகாரம் இங்கிலாந்து வரை போய், 1880இல் ஐந்து அத்தியட்சர்மார் சேர்ந்து சொன்ன கருத்தோடுதான் ஆறியது. தமிழ்நாட்டில் தாது வருடப் பஞ்சம் வாட்டிய காலம் அதுதான். எலும்பும் தோலுமாகக் குடும்பம் குடும்பமாகக் கடல் தாண்டி ஆட்கள் வந்தார்கள். அவர்களுடைய ஆத்துமாக்களுக்கு யார் மேற்பார்வையாளர் என்று பெரியவர்கள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். திருச்சபை ஒழுங்கு முக்கியமானதுதான். ஆனாலும் அந்த நான்கு வருடங்களை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. உபதேசியார்மாரின் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. சண்டை நடுவில் இருக்கும்போதே, 1878இல், டிக்கோயாவில் வார்லி கிறிஸ்து ஆலயம் கருங்கல்லில் எழும்பியது. இன்று காசல்ரி நீர்த்தேக்கக் கரையில் நிற்கும் அந்த அழகான கோயிலைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, லயத்துக்குள் அந்தப் போதனை என்ன ஆனது என்று சொல்லாவிட்டால் நான் என் தாத்தாவுக்குத் துரோகம் செய்தவளாவேன். ஏனென்றால் அது அங்கே வேறொன்றாக மாறியது. கொடுத்தவர்கள் நினைத்ததற்கும் எங்கள் ஆட்கள் எடுத்துக்கொண்டதற்கும் வெகு தூரம்.

முதலில் எழுத்து. வேதப்புத்தகம் வாசிக்க எழுத்துத் தெரிய வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்கும் பொறுப்பைத் தோட்டங்கள்மேல் சட்டம் சுமத்தியது 1907இல்தான். அதற்கு வெகுகாலத்துக்கு முன்பே உபதேசியார்மார் இராப்பள்ளி நடத்தினார்கள். மண்ணில் விரலால் எழுதிப் படித்தவர்கள் மாற்கு சுவிசேஷத்தை மட்டும் வாசித்துவிட்டு நிற்கவில்லை. சம்பளத் துண்டையும் வாசித்தார்கள். அரிசிக்கு எவ்வளவு கழித்திருக்கிறது, எத்தனை பேர், அதாவது எத்தனை நாள் வேலை, விழுந்திருக்கிறது, எத்தனை அரைப்பேர் என்று பார்த்தார்கள். தாத்தாவிடம் சாயங்காலம் வந்தவர்களில் பாதிப் பேர் வேதம் கேட்க வந்தவர்கள், பாதிப் பேர் கணக்குப் பார்க்க வந்தவர்கள். இரண்டுக்கும் ஒரே விளக்குத்தான். கணக்குப் பார்த்துக் கொடுப்பது உபதேசியாரின் வேலையா என்று ஒரு கணக்கப்பிள்ளை கேட்டபோது, பொய்த் தராசைப் பற்றிச் சாலொமோன் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டினாராம்.

அடுத்தது ஆளின் பேர். தோட்டத்து வருகைப் பதிவான செக்ரோலில் கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி எழுதியதுதான் பேர். ஒரே மனுஷி மூன்று தோட்டத்தில் மூன்று பேரில் இருப்பாள். கோயில் பதிவேட்டில் ஞானஸ்நானத் தேதி, அப்பன் பேர், ஆத்தாள் பேர், பிறந்த நாள் எல்லாம் ஒழுங்காக ஏறும். பரலோகத்துக்காக எழுதிய அந்தப் பதிவேடு பூலோகத்தில் என்ன வேலை செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அப்புறம் கிண்ணம். லயங்கள் சாதிவாரியாகப் பிரிந்திருந்த காலம். தண்ணீர்ப் பீலியிலும் முறை இருந்தது. திருவிருந்தில் ஒரே கிண்ணம்தான், அதில் எல்லாரும் வாய் வைக்க வேண்டும். கிறிஸ்தவர்களுக்குள்ளும் அதற்கு எதிர்ப்பு இல்லாமலில்லை. முந்தி யார், பிந்தி யார் என்று வரிசைக்குச் சண்டை பிடித்த குடும்பங்கள் எங்கள் சபையிலேயே இருந்தன. உன் ஆத்துமாவும் என் ஆத்துமாவும் ஒரே விலை என்று நம்புகிறவன் வரிசையில் எங்கே நின்றால் என்ன என்று தாத்தா கடைசி ஆளாகப் போய் நிற்பாராம். பல வருடம் நின்ற பிறகுதான் சண்டை ஓய்ந்தது.

கிறிஸ்தவர்கள் இந்தத் தோட்டங்களில் என்றும் சிறு தொகையினர்தான். மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டம் இல்லை. மாசியில் காமன் கூத்து, மார்கழியிலிருந்து வைகாசி வரை நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாத மலைக்கு ஏறும் சனம், இவற்றுக்கு நடுவில்தான் எங்கள் தகரக் கூரைக் கோயிலும் இருந்தது. பக்கத்துக் காம்பராக்காரர் விரதம் இருந்து மலையேறும்போது அவரும் தோட்டத்துக் கணக்குக்கு அப்பாற்பட்ட ஒன்றைத்தான் தேடிப் போனார். உடம்பு துரைக்கு, உயிர் சாமிக்கு என்பது அவர்களும் சொல்லுகிற பேச்சு.

ஆனால் எங்கள் வீட்டில் இந்த விஷயம் ஞாயிற்றுக்கிழமையில்தான் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக வந்து நிற்கும். கொழுந்து மதமதவென்று வரும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் மலைக்குக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு ஒன்றரைப் பேர். இல்லையென்றால் இறாத்தல் கணக்கில் கைக்காசு. 1927இல் வந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று நாட்கூலி வைத்தார்கள். அந்தக் கூலியில் வாழ்கிற ஒரு பொம்பிளைக்கு ஒன்றரைப் பேர் என்பது சாதாரணமா? அப்பாயி ஒரு ஞாயிறும் போனதில்லை. ஆறு பிள்ளை பெற்று நாலு மிஞ்சிய வீடு. உபதேசியார் சம்பளம் என்பது பேருக்குத்தான். கஞ்சியில் சோற்றைத் தேடுகிற நிலைமை. பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்களே, "ஏன் தாயி, ஒரு நேரம் போயி எடுத்தா சாமி கோவிச்சுக்குமா?" என்று கேட்டார்களாம்.

சிறுமியாக இருந்தபோது நானும் இதே கேள்வியைக் கேட்டேன். அப்பாயி வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னது இதுதான்: "ஆறு நாளு என்னைய நிறுக்குறாங்க புள்ள. ஏழாவது நாளு நிறுக்கக் குடுக்க மாட்டேன்." அப்பாயி நிறுக்கிறார்கள் என்று சொன்னது கொழுந்தை அல்ல. மூன்று வேளையும் நிறுவைக்காரன் முன்னால் கூடையை இறக்கும்போது, கொழுந்தோடு தானும் தராசில் ஏறுவதாக அவர் நினைத்திருக்கிறார். நரகத்துக்குப் பயந்து ஓய்வுநாளைக் கைக்கொண்ட கிழவி என்று அவரை யாரும் நினைத்துவிடக் கூடாது. உபாகமத்தில் ஓய்வுநாள் கட்டளைக்குக் காரணமாகச் சொல்லியிருப்பது, நீ எகிப்தில் அடிமையாய் இருந்தாய் என்பது. வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்பது. எழுத்து வாசிக்கத் தெரியாத அப்பாயி அதை எந்தப் போதகரையும்விடச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார். ஆதாயத்தை வெறுக்கச் சொன்ன போதனையை அவர் ஆதாயக்காரனுக்கு எல்லை போடுகிற உரிமையாக எடுத்துக்கொண்டார். துண்டில் எழுத முடியாத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்தவர் அவர்.

இனி அந்தப் பதிவேட்டுக்கு வருகிறேன். 1947 தேர்தலில் எங்கள் ஆட்கள் வாக்குப் போட்டார்கள். மஸ்கெலியாத் தொகுதியில் இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த ஜி. ஆர். மோத்தா வென்றார். அடுத்த வருடம், எங்கள் ஆட்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல், இந்திய வம்சாவளியினர் மனுப் போட்டுக் குடியுரிமை பெறலாம் என்று இன்னொரு சட்டம் வந்தது. எங்கே, எப்போது பிறந்தாய், எத்தனை வருடம் தொடர்ந்து இங்கே இருக்கிறாய் என்று காட்ட ஆதாரம் வேண்டும். லயத்தில் பிறந்தவனிடம் என்ன கடதாசி இருக்கும்? என் அப்பாவின் மனுவோடு ஞானஸ்நானப் பதிவின் பிரதிதான் போனது. ஆத்துமாவுக்காக எழுதிய பேர், நாட்டுக்கு முன்னால் சாட்சியாக நின்றது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் போயின. குடியுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். அப்பா இந்தப் பக்கம் விழுந்தார். சித்தப்பா குடும்பம் அந்தப் பக்கம். தலைமன்னாருக்குப் போகும் அந்த வண்டியை அழுகைக் கோச்சி என்றார்கள். சித்தப்பா எங்களை விட்டுப் போனதும் அதில்தான்.

அதே காலத்தில்தான் பழைய மஸ்கெலியா தண்ணீருக்குள் போனது. மவுசாக்கலை அணை 1969இல் முடிந்தது. பழைய பட்டணத்தின் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் மூழ்கின. கடும் வறட்சியில் தண்ணீர் இறங்கினால் இன்றும் அவை தலைகாட்டும். அந்தத் தண்ணீரில் எடுத்த லக்சபான மின்சாரம் கொழும்புக்குப் போனது. அணைக்குப் பக்கத்து லயங்களில் வெகுகாலம் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குத்தான்.

1973, 74 பஞ்ச வருடங்களில் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. நான் அப்போது வாலிபப் பெண். ஞாயிறு பிரசங்கத்தில் பரலோகத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகிற போதகரைப் பார்த்து எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு வயிறு எரிந்தது. ஆனால் அந்த வருடங்களில்தான் வேறு விதமான ஆட்களும் வந்தார்கள். கத்தோலிக்கர்களில் கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார 1972இல் அந்தப் பழைய, பெரிய மறைமாவட்டத்தை விட்டுவிட்டுப் புதிதாகப் பிரிந்த பதுளைக்குப் போனார். ஆலயமும் சொத்தும் பெருமையும் கண்டியில். பதுளையில் இருந்ததெல்லாம் தோட்ட லயங்களும் வறண்ட கிராமங்களும்தான். தானாக விரும்பிப் போனார். உலகமா ஆத்துமாவா என்ற கேள்விக்கு ஒரு திருச்சபைத் தலைவர் தன் நாற்காலியை வைத்துப் பதில் சொன்னதை இந்த மலைநாடு அப்போதுதான் கண்டது. 1982இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார்.

அதே 1972இல் இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கினார். ஒக்ஸ்போர்டில் படித்தவர். விரும்பியிருந்தால் பெரிய கல்லூரிகளில் மதிப்போடு இருந்திருக்கலாம். தோட்டத் தொழிலாளியின் சம்பளம், வீடு, குடியுரிமை, பால்மா, கழிப்பறை இவற்றையே தன் ஊழியமாக்கிக்கொண்டார். தமிழரும் சிங்களவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள். 1974இல் தோட்டப் பகுதிகளில் வேலை செய்யும் அமைப்புகளை ஒன்றுசேர்க்கும் செயலகம் ஒன்றையும் உருவாக்கினார்கள். 1979இல் இன நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம் தொடங்கியபோது அதற்கும் தலைவராக நின்றார். 2017இல் காலமானார். நூற்றிருபது வருடமாக லயத்துக்கு மட்டும் அனுப்பப்பட்ட கேள்வியை இந்த மனிதர்கள் எடுத்துக்கொண்டு போய்க் கம்பனிக்கும் அரசாங்கத்துக்கும் முன்னால் வைத்தார்கள். ஓர் உழைப்பாளியின் பிள்ளை பாலில்லாமல் சாகும்போது அந்த லாபத்தில் உனக்கு என்ன மிச்சம் என்பதுதான் அவர்கள் கேட்டது. தாத்தா அதைப் பார்க்க உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அவர்களோடு போயிருப்பார் என்று உறுதியாக நம்புகிறேன்.

தோட்டங்கள் 1972லும் 1975லும் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளுக்குப் போனது. 2023 ஜூலை கடைசியில், எங்கள் மூதாதையர் நடந்த பாதையில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை கிறிஸ்தவ அமைப்புகளும் சிவில் அமைப்புகளும் சேர்ந்து ஒரு நடைபயணம் போனார்கள். இந்த மண்ணுக்கு வந்து 200 வருடம் என்ற கணக்கு. முழங்கால் இடம் கொடுக்காததால் கடைசி நாள் மட்டும் மாத்தளைக்குப் போய் நின்றேன். வழியோரம் செத்தவர்களுக்காக ஜெபித்தபோது, பக்கத்தில் நின்ற இந்துப் பெண் ஒருவர் தேங்காய் உடைத்தார்.

இப்போது எங்கள் சபைக்குள் ஒரு பேச்சு நடக்கிறது. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனது, 2024இல் 1,350 ரூபாய் ஆனது. சாமான் விலை அதைவிட வேகமாக ஓடிவிட்டது. பெண்கள் நுண்கடன் கட்ட வேண்டும். கொழுந்துக் காலத்தில் ஞாயிறு காலை ஆராதனைக்குப் பாதி வாங்கு காலி. அவர்களைக் கண்டித்துப் பேச வேண்டும் என்று சிலர். அப்பாயியின் கதையை நீங்களே சொல்லுங்கள் டீச்சர், கேட்டால் வருவார்கள் என்று என்னிடம் வந்தார்கள். மறுத்துவிட்டேன். அப்பாயி தானாக எடுத்த முடிவை இன்னொருத்தியின் தலையில் சட்டமாக வைக்க எனக்கு உரிமை கிடையாது. ஓய்வுநாளை அவளிடமிருந்து பறித்தது அவளுடைய ஆசை இல்லை, அவளுடைய கடன். கண்டிக்க வேண்டுமானால் வாரவட்டிக்குக் கொடுக்கிறவனையும், ஆறு நாள் உழைப்புக்கு ஏழு நாள் சாப்பாடு வராத சம்பளத்தையும் கண்டித்துப் பிரசங்கம் செய்யுங்கள், நான் முன் வாங்கில் உட்கார்ந்து கேட்கிறேன் என்றேன். போதகர் இளைஞர், லயத்துப் பிள்ளை. அடுத்த மாதம் முழுவதும் யாக்கோபின் 5ஆம் அதிகாரத்தில் பேசப்போவதாகச் சொல்லியிருக்கிறார். கொழுந்துக் காலம் முடியும்வரை ஆராதனையை மாலை ஐந்து மணிக்கு மாற்றியிருக்கிறோம். மலையிலிருந்து கூடையோடு நேரே வந்தாலும் வரட்டும், கோயில் இஸ்தோப்பில் கூடை வைக்க இடம் ஒதுக்கியிருக்கிறது.